அட்டவணை அப்புறம், முதலில் படம்

பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் நடத்தும் நண்பர்களே, கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு, பென்சீன் வளையத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதிகளில் இவை புதிதாக வருவதை ஆர்த்தோ (அடுத்த கார்பன்), பாரா (நேர் எதிர் கார்பன்) இடங்களுக்கு ஆற்றுப்படுத்தும், இவை மெட்டாவுக்கு (ஒன்று தள்ளிய கார்பன்) என்று மனப்பாடம் செய்யச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகள் அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். “குளோரோபென்சீன் பென்சீனைவிட மெதுவாக வினைபுரிகிறது, ஆனாலும் ஏன் பாராவுக்குப் போகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். விட்டத்தைப் பார்ப்பார்கள்.

வளையத்தில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்கும் நைட்ரோ ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் நேர்மின்சுமை கொண்ட நைட்ரோனியம் அயனி கிடைக்கும். அது வளையத்தின் ஒரு கார்பனில் வந்து ஒட்டுகிறது. வளையம் தன் அரோமேட்டிக் தன்மையை, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவியிருப்பதால் வரும் நிலைப்பை, இழக்கிறது. ஒட்டிய இடத்துக்கு ஆர்த்தோ, பாராவாக உள்ள மூன்று கார்பன்கள் நேர்மின்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு புரோட்டான் வெளியேற, இழந்த தன்மை திரும்பிவிடுகிறது. கடினமான படி முதல் படிதான். சுவீடனின் லார்ஸ் மெலாண்டர் 1950-இல் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான ட்ரிட்டியத்தை வைத்துப் பார்த்தார். நைட்ரோ ஏற்றத்தின் வேகம் குறையவில்லை. புரோட்டான் வெளியேறுவது தடங்கலாக இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும்.

ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நைட்ரோனியம் ஒட்டியபின், புரோட்டான் வெளியேறும் முன் உள்ள அந்த இடைநிலையில் நேர்மின்சுமை எங்கே போய் உட்காருகிறது?

மெத்தில் தொகுதி கொண்ட டொலுவீனில் ஆர்த்தோவிலோ பாராவிலோ தாக்கினால் நேர்மின்சுமை மெத்தில் இருக்கும் கார்பனுக்கே வரும், மெத்தில் தாங்கிக்கொள்ளும். மெட்டாவில் தாக்கினால் அங்கே வரவே வராது. அதனால் மெட்டா விளைபொருள் 4 சதவீதம் அளவுக்குத்தான். நைட்ரோபென்சீனில் கதை தலைகீழ். ஏற்கெனவே நேர்மின்சுமையோடு நிற்கும் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தால் யாருக்குப் பிடிக்கும்? மெட்டா நல்ல இடம் என்பதால் இல்லை, மற்ற இரண்டும் அதைவிட மோசம் என்பதால்தான் அங்கே 90 சதவீதத்துக்கு மேல் மெட்டா. குளோரின் எலக்ட்ரானை இழுத்து எல்லா இடத்தையும் மந்தமாக்குகிறது. ஆனால் நேர்மின்சுமை தன் கார்பனுக்கு வரும்போது மட்டும் தனித்த எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து உதவுகிறது. முன்னே கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

“பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் படம் வேறா?” என்பீர்கள். நேர்மின்சுமை உட்காரும் இடங்களைக் காட்டும் மூன்று அமைப்புகளை வரைய இரண்டு நிமிடம் போதும். மதிப்பெண்ணுக்கும் இது வேண்டும், ஏனென்றால் அட்டவணை காலைவாரும் இடங்கள் உண்டு. அதில் ஆர்த்தோ–பாரா வரிசையின் உச்சியில் நிற்பது அனிலீனின் அமினோ தொகுதி. அதே அனிலீனை நைட்ரோ ஏற்றக் கலவையில் போட்டால் 47 சதவீதம் மெட்டா! அமிலத்தில் அது அனிலீனியம் அயனியாகிவிடுகிறது. நைட்ரஜனிடம் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை மிச்சமில்லை. அதனால்தான் முதலில், அமிலத்தில் எளிதில் அப்படி மாறாத அசெட்டனிலைடாக மாற்றிவிட்டு நைட்ரோ ஏற்றம் செய்கிறோம். வளையத்தில் கார்பன் தொகுதியைச் சேர்க்கும் பிரீடல்–கிராப்ட் வினை அனிலீனில் நடக்காததற்கும் கிட்டத்தட்ட இதேதான் காரணம். அங்கே அந்த இரட்டையைப் பிடித்துக்கொள்வது வினையூக்கியான அலுமினியம் குளோரைடு.