ஏஐ ஸ்கேன் 'நார்மல்' என்றால் இடுப்புச் சோதனை முடிந்தது என்பது சரியல்ல

"பிறந்த அன்றே ஏஐ ஸ்கேனில் நார்மல் வந்தால் போதும், டாக்டர் காலை விரித்துப் பார்க்கத் தேவையில்லை, சந்தேகமா, எக்ஸ்ரே எடுங்கள்" என்று, பிறந்த குழந்தையின் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாத பிரச்சினைக்கான (DDH) சோதனை பற்றி ஒரு பதிவு சொல்கிறது. மூன்றுமே தவறு.

ஏஐ செய்வது, அல்ட்ராசவுண்ட் படத்தில் கோடு போட்டு ஆல்ஃபா கோணத்தை, அதாவது இடுப்புக் கிண்ணம் எவ்வளவு ஆழம் என்று காட்டும் கோணத்தை அளப்பது. 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் நார்மல். ஆனால் படத்தில் இலியம் என்ற இடுப்பின் மேல் எலும்பு நேர்கோடாக, கிண்ணத்தின் அடியும் அதன் விளிம்புக் குருத்தெலும்பான லேப்ரமும் சேர்ந்து தெரிய வேண்டும். உடலில் வைக்கும் ஸ்கேன் கருவி (ப்ரோப்) சற்றுச் சாய்ந்தாலே கோணம் மாறிவிடும். தவறான படத்துக்கும் ஒரு எண் வரலாம்.

பிறந்த புதிதில் 50–59 பாகை இருப்பது சகஜம், பெரும்பாலும் தானாகவே முதிரும். அதனால்தான், காலை விரிக்கும்போது 'டொக்' என மூட்டு நகராத குழந்தைக்கு, ஸ்கேன் தேவைப்பட்டால், 4–6 வாரத்தில் எடுக்கிறார்கள். அந்த 'டொக்'கைக் கை உணரும். அசையாத ஒரு படத்தில் அது தெரியாது. எக்ஸ்ரேயா? பிறந்த புதிதில் தொடை எலும்பின் தலை வெறும் குருத்தெலும்பு. 4–6 மாதம் ஆகாமல் எக்ஸ்ரே பெரிதாக உதவாது.

கருப்பையில் தலைக்குப் பதில் பிட்டம் முன்னே இருந்த குழந்தை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இதே பிரச்சினை: இவற்றைக் கிளினிக் கெசிஹாத்தானில் (மலேசிய அரசுச் சுகாதார நிலையம்) ஒரு மாதச் செக்-அப்பிலேயே சொல்லுங்கள். இங்கே பாட்டிமார் விரும்பும் 'பெடோங்' (குழந்தையைத் துணியால் சுற்றிக் கட்டுவது) கட்டும்போது கைகளைச் சுற்றலாம்; கால்களை நேராக நீட்டி இறுக்கவே கூடாது, முட்டி மடங்கி விரிய இடம் வேண்டும்.