ரீச்சரின் மாம்பழப் பார்சல்

(யாழ்ப்பாணம், திருநெல்வேலிச் சந்தை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியும் கையுமாகப் பழக்கடைக்கு வருகிறார். கடைக்காரர் முகத்தில் இப்போதே களைப்பு.)

ரீச்சர்: தம்பி, செங்காயாக 15 கறுத்தக்கொழும்பான் மாங்காய். இரவு பஸ்ஸில் கொழும்பு வெள்ளவத்தைக்கு, மகளுக்குப் போகுது. ஒவ்வொன்றாகப் பொலித்தீனில் சுற்றி, வாளியில் போட்டு, காற்றுப் புகாமல் ரேப் ஒட்டித் தாரும்.

கடைக்காரர்: ரீச்சர், பறித்த பிறகும் காய் மூச்சு விடும். அடைத்து வைத்தால் உள்ளுக்கு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒட்சிசன் தீர்ந்தால் புளிக்கத் தொடங்கும். பிறகு மகள் திறக்கிறது மாம்பழ வாளி இல்லை, கள்ளு முட்டி.

ரீச்சர்: ஐயோ, மருமகனுக்கு வசதியாகப் போய்விடும்! சரி, திறந்தே போகட்டும்.

கடைக்காரர்: அப்படியே விட்டால் ஈரம் போய்த் தோல் சுருங்கும். நிறையும் குறையும்.

ரீச்சர்: என்ர காசு பஸ்ஸிலேயே ஆவியாகப் போகுதோ? அந்த நிறையை இப்பவே கழியும்!

கடைக்காரர்: (காது கேளாதவர் போல) ஓட்டை போட்ட மட்டைப்பெட்டிதான் நல்லது. அடியில் வைக்கோல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். தாள் ஈரத்தை உறிஞ்சும், காயும் அடிபடாது.

ரீச்சர்: உதெல்லாம் உமக்கு ஆர் படிப்பித்தது?

கடைக்காரர்: நீங்கள்தான் ரீச்சர். விஞ்ஞானம், சுவாசம்.

ரீச்சர்: அந்தப் பாடத்துக்கு நீர் நித்திரை எல்லோ! சரி, இந்தப் பழுத்த கதலிச் சீப்பையும் உள்ளே வையும்.

கடைக்காரர்: வேண்டாம். பழுத்ததில் இருந்து எதிலீன் வாயு வரும். காயெல்லாம் அவசரப்பட்டு ஒரேயடியாகப் பழுத்துவிடும்.

ரீச்சர்: முந்திரிகை, அந்தத் திராட்சைக் குலை?

கடைக்காரர்: அது பறித்த பிறகு பழுக்காது. புளிப்பாகப் பறித்தால் கடைசிவரை புளிப்புத்தான்.

ரீச்சர்: எங்கட மருமகன் அந்த இனம். மகள் மாங்காயைக் கண்டவுடனே பிரிஜ்ஜுக்குள் வைப்பாளே?

கடைக்காரர்: பழுத்த பிறகு வைக்கட்டும். காயாக 13 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும், ஒழுங்காகப் பழுக்காது.

ரீச்சர்: தம்பி, ஓட்டையால் வாசம் போனால் பஸ்ஸில் களவு போகும். மேலே 'கத்தரிக்காய்' என்று எழுதும்.

கடைக்காரர்: எழுதினால் அதற்கு மேலே சீமெந்து மூட்டை ஏற்றுவார்கள்.

ரீச்சர்: அப்ப 'முட்டை' என்று எழுதும்.

கடைக்காரர்: முட்டைப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு ஓட்டை என்று கேட்டால்?

ரீச்சர்: வழியில் குஞ்சு பொரித்தால் அது மூச்சு விட வேண்டாமோ?