சட்டப்படி நடந்தவர்களுக்குத்தான் இது நடந்தது

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இன்னும் யாராவது இருந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அதில் அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகளின் விசா சிக்கலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனவர், கடைசியில் "சட்டப்படி நடந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, தப்பு பண்ணினவன்தான் பயப்படணும்" என்று முடித்திருக்கிறார். கீழே பாராட்டுகள். அதில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2025 ஏப்ரலில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம். செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் இருந்த சுமார் 13 லட்சம் பெயர்களை எஃப்.பி.ஐ.யின் குற்றத் தகவல் தொகுப்போடு கணினி வழியாக ஒப்பிட்டார்கள். சுமார் 6,400 பெயர்கள் பொருந்தின. இதை நீதிமன்றத்தில் சொன்னது அரசுத் தரப்பு அதிகாரியே. அந்தத் தொகுப்பில் பெயர் வருவதற்குத் தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை. தள்ளுபடியான வழக்கும் அதில் கிடக்கும், காணாமல் போனவர்களின் பெயரும் இருக்கும். அந்தப் பொருத்தத்தை வைத்து 4,700 பேருக்கும் மேல் செவிஸ் பதிவை முடித்துவைத்தார்கள். பலருக்கு விசாவும் ரத்தானது. யூட்டாவில் முனைவர் பட்டம் படித்த ஜப்பானிய மாணவர் ஒருவர் மீது இருந்தது, தேவாலயக் குழுவோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் உரிமத்தில் உள்ளதைவிட அதிகம் பிடித்ததாக ஒரு வழக்கு. அது தள்ளுபடியாகியிருந்தது. டெக்சாஸில் படித்த இந்திய மாணவர் ஒருவர் மீது வண்டி ஓட்டியது தொடர்பாக ஒரு வழக்கு. அதுவும் தள்ளுபடியானதுதான். இவர்கள் எந்தச் சட்டத்தை மீறினார்கள் என்று அந்தக் காணொளிக்காரர் சொல்லட்டும்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, நாட்டுக்குள் நுழைவதற்கு. நுழைந்தபின் அங்கே தங்கிப் படிக்கும் உரிமை ஐ-20 (கல்லூரி தரும் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), செவிஸ் பதிவு இவற்றில்தான் நிற்கிறது. அதனால்தான் விசா காலாவதியாகியும் படிப்பை முடிக்கிறவர்கள் ஏராளம். அது முழுக்கச் சட்டப்படியானது. விசா ரத்தானதை மட்டும் வைத்துச் செவிஸ் பதிவை முடிக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இருந்தது. நாடு முழுக்க வழக்குகள் குவிந்து, நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகத் தடை போட்டபிறகு, ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அரசு ஒத்துக்கொண்டது. மறுநாள் தேதியிட்ட புதிய குறிப்பாணையில், விசா ரத்தானால் பதிவையும் முடிக்கலாம் என்று எழுதிக்கொண்டது. முதலில் செய்தார்கள், பிறகு விதி எழுதினார்கள். இந்த வரிசையில் ஒரு மாணவர் எப்படிச் "சட்டப்படி" நடப்பது?

அறிவிப்பாவது கொடுத்தார்களா? பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் வரவில்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற பொறுப்பு அதிகாரிகள் செவிஸைத் தினமும் திறந்து, ஒவ்வொரு பெயராகத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். விசா ரத்து மின்னஞ்சலும் எல்லாருக்கும் வரவில்லை. இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றும் இருக்கிறது. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும் ஏஜென்சிகள் சில, மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதில் தங்களுடையதைப் போட்டுவிடுகின்றன. தூதரகம் அனுப்பும் கடிதம் அங்கேதான் போகும். இதை ஒவ்வொரு பெற்றோரும் இன்றைக்கே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

"பதிவைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே" என்று சொல்வீர்கள். செவிஸ் பதிவு திரும்பியது. ரத்தான விசா அதனோடு திரும்பி வந்துவிடவில்லை. அந்த மாணவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தால் புதிதாக விசா எடுத்துத்தான் திரும்ப முடியும். விசா விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் விசா எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா" என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். இல்லை என்று எழுதினால் பொய்த்தகவல் என்ற பிரிவில் நிரந்தரத் தடை வரை போகும். ஓபிடியில் (படிப்பு முடிந்தபின் தன் துறையில் வேலை செய்யத் தரும் தற்காலிக அனுமதி) வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு இன்னும் மோசம். பதிவு முடிந்த அன்றே வேலை செய்யும் அனுமதியும் கேள்விக்குறி. படிப்பை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இப்படி முடிக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது.

அடுத்த பதில் எனக்குத் தெரியும்: "அவங்க நாடு, அவங்க இஷ்டம்." சரி. யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் உரிமைதான், நான் மறுக்கவில்லை. புதிதாக வருகிறவருக்குப் புது விதி போடட்டும். ஒரு விதியை நம்பிப் பணம் கட்டி, இரண்டு வருடம் படித்து முடித்தவரிடம் போய் விதி மாறிவிட்டது என்பதைத்தான் கேட்கிறேன். அதே அமெரிக்காவின் நீதிமன்றங்களே அதைத் தப்பு என்றபோது, இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் அதற்கு வக்காலத்து வாங்குகிறோம்?

"போலிக் கல்லூரியில் சேர்ந்து வேலைக்குப் போனவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே சிபிடி (படிக்கும்போதே வேலை செய்யும் அனுமதி) தருகிறோம் என்று ஆள் பிடிக்கும் கல்லூரிகளுக்குப் போகாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்றை நடத்தியது அமெரிக்க அரசின் ரகசிய அதிகாரிகளே என்பதும் 2019இல் வெளிவந்தது. அது அரசு இணையதளத்திலேயே அனுமதி பெற்ற கல்லூரியாகப் பட்டியலில் இருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இதற்கு மேல் இந்தப் பேச்சை வளர்க்க எனக்கு விருப்பமில்லை.

விதி மாறுவது ஏப்ரலோடு நிற்கவில்லை. அதே 2025 மே 27 அன்று மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் வகுப்புக்குச் சேர வேண்டியவர்கள் நேர்காணல் தேதி தேடும் நேரம் அது. ஜூன் 18 அன்று மீண்டும் திறந்தபோது, சமூக வலைதளக் கணக்குகள் எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டும் என்றார்கள். டிஎஸ்-160இல் கடைசி ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குகளைக் கேட்கிறார்கள். பயந்துபோய்க் கணக்கை மறைக்காதீர்கள்; எழுதியதைவிட மறைத்தது பெரிய சிக்கலாகும். செப்டம்பரிலிருந்து நேர்காணல் விலக்கு (நேரில் போகாமலே விசா வாங்குவது) பெரும்பாலானோருக்கு இல்லை என்றானது. கனடா, மெக்சிகோ போய் பாஸ்போர்ட்டில் புதிய விசா ஒட்டிக்கொண்டு வரும் வழியும் நம்மவர்களுக்கு அடைபட்டது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் 19 அன்று, எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்றார்கள், 21ஆம் தேதி அமல். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 என்ற மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் வந்தது அக்டோபர் 20. இடையில் ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிற்று!

எனக்கு அதிகக் கவலை தருவது 2025 ஆகஸ்ட் 28 அன்று வந்த வரைவு விதி. அது வந்தபோது ஐ-94இல் மாணவருக்குத் தேதி கிடையாது, "படிக்கும் காலம் வரை" என்ற குறிதான். வரைவு அதை எடுத்துவிட்டு, அதிகபட்சம் 4 ஆண்டு என்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு ஆகும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். டிஎஸ்ஓ ஐ-20ஐ நீட்டித்தால் முடிந்த வேலை, அந்த விதிப்படி ஐ-539 என்ற தங்கும் காலத்தை நீட்டிக்கும் படிவம், கட்டணம், கைரேகை என்று குடியேற்றத் துறையின் வரிசைக்குப் போகும். தேதி தாண்டினால் சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும்: 180 நாளைத் தாண்டி வெளியேறினால் 3 ஆண்டுத் தடை, ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 ஆண்டு. ஆய்வகத்தில் ஒரு சோதனை தள்ளிப்போவது கூடக் குடியேற்றப் பிரச்சினையாகிவிடும்.

கல்விக் கடனைப் பற்றி அந்தக் காணொளியில் ஒரு வார்த்தை இல்லை. 40 லட்சம் ரூபாய், பத்தரை சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 54,000. பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும். பிள்ளையின் ஓபிடிச் சம்பளத்தை நம்பி எடுத்த கடன் அது. விசா பிரச்சினை என்று வங்கி தவணையைத் தள்ளுபடி செய்யாது. அந்த அப்பாவின் போனுக்குத்தான் நீங்கள் "தப்பு பண்ணினவன்தான் பயப்படணும்" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் சங்கம் அப்போது திரட்டிய 327 புகார்களில் பாதி இந்திய மாணவர்களுடையது. சொந்தக்காரர்கள் அனுப்பியதைப் படித்துவிட்டு, தான் செய்யாத குற்றத்துக்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை அந்தப் பிள்ளைகளுக்கு.

அந்தக் காணொளியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். பேச வேண்டுமென்றால் பிள்ளையிடம் இதைக் கேளுங்கள்: இதுவரை வாங்கிய எல்லா ஐ-20களின் நகலும் இருக்கிறதா, ஐ-94 பதிவிறக்கி வைத்திருக்கிறாயா, வீடு மாறினால் பத்து நாளுக்குள் தெரிவித்தாயா, பாடச்சுமையைக் குறைப்பதற்கு முன்பே டிஎஸ்ஓவிடம் எழுத்தில் அனுமதி வாங்கினாயா, போலீஸ் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும், அபராதம் கட்டி முடித்ததாக இருந்தாலும், நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா. விசா ரத்து என்று மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே விமான டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். முதலில் டிஎஸ்ஓவிடம் செவிஸ் நிலையைக் கேட்கட்டும், அடுத்து ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். ஏப்ரலில் நீதிமன்றம் போனவர்களில் பலர் படிப்பைத் தொடர முடிந்தது.