213 ரூபாவும் பெட்டிக்குள் தூங்கும் கம்பளியும்

இதை இன்றைக்கு எழுதித் தள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று அப்பாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். பிரஷருக்கும் சீனிக்கும் இரண்டு மருந்து அங்கே இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். நுவரெலியா டவுனில் ஒரு பாமசி. பில் 4,260 ரூபா. கவுன்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, அதுவாகவே கேட்டது: “ஐயாவுக்கு அறுபது தாண்டிட்டுதானே? அடையாள அட்டையக் காட்டுங்க, அஞ்சு வீதம் கழிவு இருக்கு.”

அட்டை அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. பொலித்தீன் உறையில் போட்டு ரப்பர் பட்டி சுற்றி வைத்திருப்பார், எனக்குத் தெரியாதா? மனுசன் பையைக் கையால் பொத்திக்கொண்டு, “அதெல்லாம் வேணாம் புள்ள, முழுக் காசையும் எடுத்துக்கங்க” என்றார். என்னவோ அந்தப் பிள்ளை அவரிடம் கடன் கேட்டதுபோல. முழுக் காசையும் கட்டுவது யார்? நான்! “அப்பா, காட்டுங்கப்பா” என்று கெஞ்சினேன். பின்னால் பத்துப் பதினோரு பேர் நிற்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே இறங்கிப்போய் ரோட்டோரத்தில் நின்றுகொண்டார். தை மாதக் காற்று. உடம்பில் ஒரு சட்டை மட்டும். ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டதற்கு, “டவுனுக்கு வாறதுக்கு எதுக்கு அது?”

213 ரூபா. பெரிய காசில்லைதான். ஒரு பாணும் கொஞ்சம் சில்லறையும். ஆனால் மாதா மாதம் வாங்குகிற மருந்து இது. வருடத்துக்கு 2,500 ரூபாவுக்கு மேல். அந்தக் காசில் அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கலாம். வாங்கினால் போடுவாரா என்பது வேறு கதை. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தால் நான்கு ஸ்வெட்டர், இரண்டு நல்ல கம்பளி, ஒரு சுடுதண்ணிப் பை, மூன்று சோடி மேஸ். எல்லாம் நான் வாங்கியது, பாதி பேல் பசாரில் பேரம் பேசி வாங்கியது. எல்லாம் வாங்கின உறையோடு அப்படியே இருக்கின்றன, பாச்சை உருண்டை வாசத்தோடு. அம்மா போட்டிருப்பது இருபது வருடத்துக்கு முந்திய ஜேர்சி, முழங்கையில் ஓட்டை. அதற்கு மேலே தம்பியின் பழைய பள்ளிக்கூடச் சட்டை. தலையில் ஒரு துவாய். கேட்டால், “நல்லது கெட்டதுக்குப் போட வேணாமா?” போன மாதம் ஒரு கலியாணம் வந்தது. போட்டாரா? சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களாம். அப்போ நல்லதுக்கும் இல்லை. கெட்டதுக்கு எப்போது போடப்போகிறார் என்று வாய்வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். எங்கள் தேயிலைத் தோட்டம் அதைவிடக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். தையிலும் மாசியிலும் விடியற்காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்த உறைபனி பட்டால் கொழுந்தே கருகிப்போகும். தேயிலைச் செடி தாங்காத குளிரை இவர்கள் தாங்குகிறார்களாம்! “எங்களுக்குப் பழகிப்போச்சு.” இந்த ஒரு வசனத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வீட்டில் அந்த நேரம் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.

பழகிப்போச்சாம்! வயது போகப்போக உடம்பில் சதை குறைகிறது, தோல் மெலிகிறது. இளசுகளுக்கு வருகிற மாதிரி நடுக்கம்கூட ஒழுங்காக வருவதில்லை. அதனால்தான் “எனக்குக் குளிரல்லியே” என்கிறார்கள். அது பழக்கமில்லை அம்மா, உடம்பு மணியடிக்க மறந்துபோனது. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். எந்தப் பிரஷர்? 4,260 ரூபா கொடுத்து இறக்கப் பார்க்கிறோமே, அதே பிரஷர்.

வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை சூடாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எங்கள் காம்பராவில், அதாவது லயத்து வரிசை வீட்டு அறையில், 18 பாகை வருவது நடுப்பகலில், அதுவும் வெயில் எறித்தால். தகரக் கூரை. விடியும்போது தகரத்தின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழும். அதைத் தடுக்க, தேர்தலுக்குக் கட்டிய பெரிய பெரிய பிளெக்ஸ் பதாகைகளைக் கழற்றிவந்து கூரைக்கடியில் கட்டியிருக்கிறோம். மல்லாந்து படுத்தால் ஒரு முன்னாள் வேட்பாளர் கும்பிட்டபடி சிரிக்கிறார். வீடு கட்டித் தருவேன் என்றவர், பாதிச் சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

பக்கத்துக் காம்பராத் தாத்தா ஒருவர் தணல் சட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு படுக்கிறார். கரி எரிந்து வருகிற அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சொன்னால், “எங்கப்பன் காலத்துலருந்து வைக்கிறோம்” என்கிறார். இன்னொருவர் குளிருக்கு ஒரு கிளாஸ் சாராயம். குடித்ததும் சூடேறுவது மாதிரி இருக்கும், ஏனென்றால் உடம்புக்குள் இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது! இதற்கெல்லாம் காசு இருக்கிறது, மேஸ் போடத்தான் வெட்கம்.

நான் வேலை செய்வது ஓர் ஓட்டலில், அறை ஒழுங்குபடுத்தும் பிரிவில். பின்னேரம் ஆறு மணியானால் என் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு கட்டிலிலும் போர்வைக்கடியில் சுடுதண்ணிப் பை வைப்பது. வெளியே 14 பாகை இருக்கும்போதே “இன்னொரு பிளாங்கட் கிடைக்குமா?” என்று போன் வரும். ஓடிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முப்பது கட்டிலைச் சூடாக்கிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், என்னைப் பெற்றவள் அடுப்படியில் சாக்கை விரித்துச் சுருண்டு கிடக்கிறாள். சுடுதண்ணிப் பை? “அது வெடிச்சிருச்சின்னா?”

எங்கள் ஓட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிமார் வரவேற்பு மேசைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, “முதியவர்களுக்குக் கழிவு உண்டா?” கூச்சமே கிடையாது. இல்லை என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்டென்றால் பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். அவ்வளவுதான் விசயம்! இங்கிலாந்தில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கவென்று வயதானவர்களுக்கு அரசாங்கமே 200, 300 பவுண் கொடுக்கிறது. 2024இல் அதைப் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தப்போய் நாடே சண்டைக்கு நின்றது. மறுவருடமே, வருட வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே கிழவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே கொடுத்தாலும் பையைப் பொத்திக்கொள்கிறார்கள்.

எல்லாரும் அப்பா மாதிரி என்று நினைக்காதீர்கள். ஹட்டனில் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற அதிபர். அரசாங்கப் பென்சன். எந்தக் கடையில் எந்த நாள் முதியோருக்குக் கழிவு, எந்த வங்கி அட்டைக்கு எத்தனை வீதம், எல்லாம் விரல்நுனியில். 2015இல் அறுபது தாண்டியவர்களின் நிலையான வைப்புக்குப் பத்து இலட்சம் வரை 15 வீத வட்டி கொடுத்தார்களே, அதிலும் முதல் ஆளாகப் போட்டவர். நிறுத்தும்வரை மாதா மாதம் வட்டி எடுத்தார். குரங்குத் தொப்பி, கழுத்தில் மப்ளர், உள்ளே இரண்டு ஸ்வெட்டர் என்று பொதி மாதிரிதான் வெளியே வருவார். முன்பெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பேன். இப்போது கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அங்கேதான் எனக்கு இன்னொரு கோபமும் வருகிறது. பெரியப்பா இருபதாயிரத்துக்குச் சாமான் வாங்கி ஆயிரம் மிச்சம் பிடிக்கிறார். அப்பாவுக்கு 213. அதிகம் செலவழிக்க முடிந்தவனுக்கு அதிகம் கழிவு, இதுதானே கணக்கு? அதுவும் சில இடங்களில் கிழமைக்கு ஒரு நாள்தான், குறைந்தது இவ்வளவுக்கு வாங்க வேண்டும், கடையின் அட்டை வேண்டும், போனுக்கு இலக்கம் வரும், அதைச் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற ஆட்டோக் காசுக்கே அந்தக் கழிவு காணாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆக்கினார்களே, அன்றைக்கு யாராவது “ஐயாவுக்கு அறுபது தாண்டிட்டா?” என்று கேட்டார்களா? அன்றோடு மண்ணெண்ணெய் அடுப்பை மூலையில் வைத்த அம்மா இன்னும் கவ்வாத்து மிலாறை, வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியைத்தான் சுமந்துவந்து வெந்நீர் வைக்கிறார், 67 வயதில்.

வயது என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1957. அவர் பிறந்தது 1953 என்பது லயம் முழுக்கத் தெரியும். பிறந்தபோது யாரும் பதியவில்லை. பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தபோது எவரோ ஒருவர் ஆளின் முகத்தைப் பார்த்து நான்கு வருடத்தைக் குறைத்து எழுதிவிட்டார். பொடியனாகத் தெரிந்தாராம். அதனால் நான்கு வருடம் கூடுதலாக ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. சேமலாப நிதி நான்கு வருடம் பிந்தித்தான் கைக்கு வந்தது. எழுபது தாண்டிய வறிய முதியோருக்கு மாதம் 3,000 கொடுத்ததை 2025இல் 5,000 ஆக்கினார்கள். அப்பா அட்டைப்படி இன்னும் எழுபதைத் தொடவில்லை. கிராம சேவகரிடம் போய்ப் பேசுவோம், திருத்த வழி கேட்போம் என்றால், “அரசாங்கத்துக்கு நான் இன்னும் இளந்தாரி, இருந்துட்டுப் போறேன்” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ராத்திரி சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளை முன்னால் ஏன் என்னைக் கேவலப்படுத்தினீர்கள், இனாமாகத் தந்தால் வாங்கினால் என்ன என்று கத்தினேன். அப்பா நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “எங்க தாத்தா காலத்துல தொர கம்பளி குடுத்தாரு. எல்லாரும் இனாமுன்னு கும்பிட்டு வாங்கிப் போத்துனாங்க. சம்பளத்தன்னைக்குப் பாத்தா செக்ரோல்ல, சம்பளப் பதிவுல, வெட்டியிருக்கு. அரிசியும் அப்படித்தான். தோட்டத்துல சும்மா குடுத்தது எதுவும் சும்மா இல்ல புள்ள.”

துரைமார் போனார்கள், அந்தக் காலக் கம்பெனிகள் போயின, தோட்டங்கள் எழுபதுகளில் அரசாங்கத்துக்குப் போய்த் திரும்பக் கம்பெனிகளிடம் வந்துவிட்டன. தாத்தாவின் கம்பளிக்காசை மட்டும் இவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார், என் காசில். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

இன்றைக்கு வேலைக்குப் போகும் முன் அலுமாரியைத் திறந்து ஒரு கம்பளியை எடுத்தேன். விலைத் துண்டைக் கிழித்தேன். உறையைக் குப்பையில் போட்டேன். கம்பளியைப் பையில் திணித்துக்கொண்டு போய், ராத்திரி அதையே திரும்பக் கொண்டுவந்தேன். நன்றாகக் கசங்கியிருந்தது. “ஓட்டல்ல பழசுன்னு வீசப் போட்டாங்கம்மா” என்று பச்சைப் பொய் சொன்னேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “இதையா? கொள்ள போறவங்க, எவ்வளவு நல்லா இருக்கு” என்று பிடுங்கி அந்த இடத்திலேயே உதறிப் போர்த்திக்கொண்டார். அப்பாவின் தோளுக்கும் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டார். இத்தனை வருடம் காசு கொடுத்துப் புதிதாக வாங்கிச் சீரழிந்தவள் நான்.

அப்பா கம்பளியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஒன் சம்பளத்துல வெட்ட மாட்டாங்கதானே?”