தைரியம் சொல்ல வருகிறவர்களுக்கு

"மனதைத் தெம்பாக வைத்துக்கொள், பாதி நோய் பறந்துவிடும்." அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லாமல் வாசல் தாண்டிய உறவினர் ஒருவரும் இல்லை. இரண்டு வருடம் கழித்து நோய் திரும்பி வந்தது. அன்றிரவு அக்கா கேட்டாள்: "நான் அதிகமாகக் கவலைப்பட்டுவிட்டேனோ?"

அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கோபப்படக்கூட வழியில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களைப் பற்றிய ஆய்வை 1989-இல் வெளியிட்டார். வாராவாரம் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு! உலகம் அதைப் பற்றிக்கொண்டது. ஆனால் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே 125 பெண்களிடம் திரும்பச் செய்து பார்த்து 2007-இல் வெளியிட்டார். பழைய முடிவு வரவில்லை. அதை மறைக்காமல் எழுதியதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதே ஆண்டு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரிடம் பார்த்த ஆய்விலும் மனநலத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. முதல் செய்தி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்தவை ஆய்விதழ்களிலேயே தங்கிவிட்டன.

சுபாவமும் அப்படித்தான். கலகலப்பானவருக்கு நோய் வராது, எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் புழுங்குகிறவருக்குத்தான் வரும் என்பார்கள். ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் ஏறத்தாழ 60,000 பேரின் விவரங்களை வைத்து 2010-இல் வந்த ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை.

அப்படியானால் மனதைக் கவனிக்கவே வேண்டாமா? வேண்டும். மனச்சோர்வு முற்றினால் மருந்தைத் தவறவிடுவார்கள், சாப்பாட்டை ஒதுக்குவார்கள்; சிகிச்சையே குலைந்துவிடும். கனடா ஆய்வில் பேசிய பெண்களுக்கு ஆயுள் நீளவில்லையே தவிர, மனவேதனை தணிந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. வலி குறைவது சின்ன விஷயமா? இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருந்தவர்களைக் கேளுங்கள்.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படியென்றால் இன்றைக்கு நான் சிடுசிடுவென்று இருந்துகொள்ளலாமா?"

"தாராளமாக."

"சரி, வாசல் கதவைச் சாத்து. யாராவது வந்தால் தூங்குகிறேன் என்று சொல்."