வாயில் நுழையாத பெயரும் ஆறு பக்கப் பின்கதையும்

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தால் முதல் தலைவலி பாத்திரத்தின் பெயர்தான். வரிசையாக ஐந்து மெய்யெழுத்து, நடுநடுவே மேற்கோள் குறி. இரண்டாம் வாரமே எல்லாரும் 'அந்த எல்ஃப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2014 விதிப் புத்தகத்திலேயே ஒவ்வொரு கற்பனை இனத்துக்கும் வழி இருக்கிறது. டிராகன்பார்னுக்குக் குலப்பெயர் முன்னால் வரும். எல்ஃப் நூறு வயதையொட்டித் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். டீஃப்லிங் ஒரு கொள்கையையே பெயராக எடுக்கலாம். இரண்டு மூன்று அசை போதும், குழுவில் வேறு யாருக்கும் இல்லாத முதலெழுத்தாக இருக்கட்டும். சண்டை நடுவே கத்திக் கூப்பிட வருமா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதுகூடவா முடியாது?

பாத்திரத்தின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் பின்கதைதான் இன்னும் எரிச்சல். ஆறு பக்கம். ஊர் எரிந்துவிட்டது, குடும்பத்தில் ஒருத்தர் மிச்சமில்லை, இவர் தனியாளாக டிராகனைக் கொன்றவர். பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் பார்த்தால் முதல் லெவல் விசார்ட் (மந்திரவாதி), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 8. 2014 விதிப்படி கோப்ளின் என்கிற சாதாரண குட்டி அரக்கனின் வளைவாள் 1டி6+2 சேதம் செய்யும், அதாவது ஆறு முகப் பகடை ஒன்றில் விழுவதோடு இரண்டு. பகடையில் ஆறு விழுந்தால் ஆள் ஒரே வெட்டில் மயங்கி விழுவார். இவர் எந்த டிராகனைக் கொன்றார்?

கதை நடத்துகிற டிஎம்முக்கு வேண்டியது அரைப் பக்கம்தான்: உயிரோடிருக்கிற இரண்டு பேர், தீராத ஒரு கடன், திரும்பிப் போக முடியாத ஓர் ஊர். பேச்சு நின்றுபோன அக்கா ஒருத்தி இருந்தால் அவளை வைத்தே நான்கு வாரம் ஓட்டலாம். 2014 ஷீட்டில் அதற்காகவே இருக்கிற 'பாண்ட்' (பிணைப்பு), 'ஃப்ளா' (குறை) கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, செத்துப்போனவர்களின் பட்டியலைக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்?