லோன் நிலுவைக்கு கேற்றடியில ஆள் நிக்குது, பிள்ளையின்ர நிலுவைக்கு ஆர் வாறது?

இண்டைக்கு இதை எழுதாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும். மைக்ரோ பினான்ஸ் பெடியன் விடிய வெள்ளன வந்து கேற்றடியில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு ஹோர்ன் அடிக்கிறான், ஒரு கிழமைக் காசு பிந்தினதுக்கு, பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால எட்டிப் பாக்கிறா. அந்தக் கடனை நான் ஏன் எடுத்தனான்? பிள்ளைக்கு ரியூசனுக்கும் ஸ்கூல் வானுக்கும் கட்ட. கட்ட ஏன் காசில்லை? பிள்ளையின்ர செலவுக்கு மாசாமாசம் தரச்சொல்லி கோட்ஸ் கட்டளை போட்ட தாபரிப்புக் காசைத் தேப்பன் போடேல்லை. நான் இவங்களுக்குக் குடுக்க வேண்டியதை விட அவன் எனக்குத் தர வேண்டியது எவ்வளவோ கூட, ஆனா அவன்ர வாசல்ல போய் ஹோர்ன் அடிக்க இந்த நாட்டில ஒருத்தனும் இல்லை.

சட்டம் இல்லையெண்டு சொல்லேல்லை. இலங்கையில 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டம் எண்டு வடிவா எழுதித்தான் வச்சிருக்கினம். கட்டாட்டி தண்டப்பணம் மாதிரி அறவிடலாம், சம்பளத்தில வெட்டச் சொல்லலாம், மறியல்லயும் போடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டும் தன்பாட்டில நடக்காது. மாசம் முடிஞ்சும் காசு வரேல்லை எண்டு கோட்ஸ் பாத்துக்கொண்டிருக்காது, நான் தான் பாஸ் புக்கைத் தூக்கிக்கொண்டு போய், லோயரைப் பிடிச்சு, மோசன் எண்டு கோட்ஸுக்கு விண்ணப்பம் போட்டு, நோட்டீஸ் அனுப்பி, அவன் வராட்டி பிடிவிறாந்து எடுத்து, அதுக்குப் பிறகு பொலிசுக்குப் போனா “அந்த விலாசத்தில ஆள் இல்லை, எங்க இருக்கிறார் எண்டு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்கோ அக்கா” எண்டுறாங்கள். நான் என்ன சி.ஐ.டி.யோ? சம்பளத்தில வெட்டுவிக்கலாமெண்டா அவன் செய்யிறது கொந்தராத்து வேலை, கையில காசு வாங்கிறவன், சம்பளச் சிட்டை இல்லாதவனிட்ட எதை வெட்டுறது.

ஒரு மாதிரிப் பிடிபட்டு வந்தா சேர்ட்டை உள்ள விட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிப்பான். நிலுவையில கொஞ்சத்தைக் கட்டிப்போட்டு மிச்சத்துக்குத் தவணை கேப்பான், குடுப்பினம். அதுக்குள்ள கணக்குச் சண்டை வேற. “கையில குடுத்தனான் ஐயா.” எப்ப குடுத்தாய், ஆர் கண்டது, துண்டு எங்க? ஒண்டும் இல்லை. நல்லூர்க் கொடியேத்தத்துக்குப் பிள்ளைக்கு எடுத்துக் குடுத்த சட்டையையும், ஒருநாள் ரியோவில வாங்கிக் குடுத்த ஐஸ்கிரீமையும் நிலுவையில கழிக்கச் சொல்லி நிக்கிறான்! பெத்த பிள்ளைக்கு வாங்கின ஐஸ்கிரீமுக்குக் கணக்குக் காட்டுற ஆம்பிளையை நீங்கள் எங்கயாவது கண்டனீங்களோ? பாங்க் கணக்கில போடு எண்டு கட்டளையில தெளிவா இருக்கு, பாஸ் புக்கில இல்லாதது கட்டாத காசு எண்டு என்ர லோயர் சொல்ல, அவன்ர லோயர் எழும்ப, மத்தியானம் ஆகிடும், வழக்கு இன்னொரு திகதிக்குத் தவணை. எனக்கு அண்டைக்குத் தையல் வேலையும் போச்சு, பஸ் காசும் போச்சு. (சட்ட உதவி ஆணைக்குழு இல்லாட்டி லோயர் காசும் போயிருக்கும், அவைக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.)

கட்டளையில இருக்கிற தொகையும் 2022க்கு முந்திப் போட்டது. அந்த வருசம் பால்மா, அரிசி, மா எல்லாம் என்ன பாடு படுத்தினது எண்டு உங்களுக்கே தெரியும். கூட்டித் தரச்சொல்லிக் கேக்கிறதுக்கும் நான் தான் திரும்ப மனுப் போடவேணும்.

கனடாவில, ஒன்ராறியோவில இதுக்கெண்டே குடும்பப் பொறுப்பு அலுவலகம் எண்டு அரசாங்க அலுவலகம் ஒண்டு இருக்கு, ஸ்காபுரோவில இருக்கிற மச்சாள் சொன்னவ. தேப்பன் காசை அவையிட்டக் கட்டவேணும், அவை தாய்க்கு அனுப்புவினம். கட்டாட்டி சம்பளத்தில கை வைப்பினம், ட்ரைவிங் லைசன்ஸை, பாஸ்போட்டை நிப்பாட்ட ஏலும், கிரெடிட் ரிப்போட்டிலயும் போட்டு விடுவினம். அங்கயும் ஒளிக்கிறவன் ஒளிக்கிறான் தான், ஆனா தேடித் திரியிறது தாய் இல்லையே.

இஞ்ச லீசிங் பிந்தினா கிறிப்பில, அதான் கடன் தகவல் பணியகத்தில, பேர் விழும், அதுக்குப் பிறகு ஒரு பிரிட்ஜ் கூட தவணைக்கு எடுக்கேலாது. பிள்ளைக்குக் கட்டாததுக்கு ஒண்டும் விழாது. அதால தான் அவன் லீசிங்ல புது மோட்டச்சைக்கிள் எடுத்து ஓடித்திரியிறான், அந்தக் காசு மட்டும் ஒரு மாசமும் பிந்தாது, பிந்தினா சீஸ் பண்ண வருவாங்கள் எண்டு நல்லாத் தெரியும். கட்ட ஏலாதவன் இல்லை, பயமுள்ள இடத்துக்குக் கட்டுறான், அவ்வளவு தான்.

இதுக்குள்ள ஒரு அண்ணை வந்து “தங்கச்சி, நான் கதைச்சு வாங்கித் தாறன், மூண்டில ஒரு பங்கு எனக்குத் தாங்கோ” எண்டார். பிள்ளையின்ர சாப்பாட்டுக் காசிலயும் கொமிசன். கேற்றைச் சாத்திப்போட்டன்.

சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது. “அவனும் பாவம், வேலை இல்லையாம், என்ன இருந்தாலும் பிள்ளையின்ர தேப்பன், கோடு கச்சேரி எண்டு இழுக்காத.” இனி ஆராவது இந்தக் கதையோட வந்தால் ரியூசன் காசு, வான் காசு, சப்பாத்துக் காசு எல்லாப் பில்லையும் கையில குடுப்பன். பாவம் பாக்கிறவை கட்டட்டும்.